கோவையின் மக்கள்தொகை குறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் 42,71,856 பேர். 2011-ல் 34,58,045 பேர். இந்த இரண்டு எண்ணையும் எக்செல்லில் அடித்துப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை போட்டால், பத்தே ஆண்டில் எட்டு லட்சம் பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல இருக்கும். எண்கள் இரண்டும் அச்சுப்பிழை இல்லாதவை. படம்தான் பொய். நடுவில், 2009-ல், கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சில பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 2011-ல் இருந்த எல்லைக்குள் 2001-ல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால் 29,16,620. ஆக, கோவை 18.6 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அதே பட்டியலில் நீலகிரியும் இருக்கிறது: 7,62,141 பேர் 7,35,394 ஆனார்கள். இது மெய்யான குறைவு. எல்லையைச் சரிசெய்யாமல் வரைந்த படத்தில் இந்த இரண்டு மாவட்டமும் ஒரே ஜாடையில் நிற்கும்; வாசகரால் பிரித்தறியவே முடியாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16-ல் வந்தது. 2027 மார்ச் 1 என்ற நாளை வைத்துத் தலைகளை எண்ணப்போகிறார்கள். முடிவுகள் வெளிவந்ததும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள், கல்லூரிக் கருத்தரங்குகள், ஊராட்சி ஒன்றிய அலுவலகச் சுவர்கள் எல்லாம் இரட்டைப் பட்டைப் படங்களால் நிறையும். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. கோவைக்கு நடந்தது இந்த முறை வேலூருக்கும் விழுப்புரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நாகப்பட்டினத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடக்கும். படம் போடுகிறவர்கள் இப்போதே கைப்பழக்கம் செய்துகொள்ள வேண்டிய சில விஷயங்களைத் தங்கள் பகுதியில் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் எல்லை. பிரிந்ததைச் சேர்ப்பது எளிது. சேர்ந்திருந்ததைப் பிரிப்பதுதான் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றின் புதிய எண்களையும் கூட்டி, 2011-ன் வேலூருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். விழுப்புரத்தோடு கள்ளக்குறிச்சியையும், நாகப்பட்டினத்தோடு மயிலாடுதுறையையும் கூட்டலாம். காஞ்சிபுரத்தில் மட்டும் இந்தக் குறுக்குவழி செல்லாது. செங்கல்பட்டைக் கூட்டினாலும் கணக்கு உதைக்கும். 2018-ல் சென்னை மாவட்டத்தை விரித்தபோது ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்விட்டன. அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் ஆகியவை திருவள்ளூரிலிருந்து போயின. எனவே சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கையும் ஒரே கட்டாகக் கூட்டி, 2011-ன் மூன்று மாவட்டக் கூட்டுத்தொகையான 1,23,73,088 பக்கத்தில் வைப்பதே நேர்மையானது. தனித்தனியாகத்தான் வேண்டும் என்றால் 2011-ன் கிராம வாரியான பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் எதிரே இன்றைய மாவட்டத்தின் பெயரை ஒரு பத்தியில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்களில், அடித்து, ஒரே பெயர் உள்ளவற்றை மட்டும் கூட்டித் தரும் 'சம்இஃப்' சூத்திரத்தால் கூட்ட வேண்டும். தாலுகா பட்டியலை நம்பி இறங்கினால், இடையில் தாலுகாக்களும் பிரிந்திருப்பது குறுக்கே வந்து நிற்கும்.

எண்கள் தயாரானதும் விரிதாளில் அடிக்கும் விதம். 'ஏ' பத்தியில் மாவட்டப் பெயர்கள், 'பி'யில் 2001, 'சி'யில் 2011. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆண்டுகளை 2001, 2011 என்று வெறும் எண்ணாக அடித்து, இடது மேல் மூலைக் கட்டத்தில் 'மாவட்டம்' என்றும் எழுதிவிட்டால், எக்செல் அந்த ஆண்டுகளைத் தலைப்பாகப் பார்க்காது; அவையும் தரவு என்று நினைத்துக்கொள்ளும். படத்தில் 'மாவட்டம்' என்ற பெயரில் ஓர் ஊர் முளைக்கும். அதற்கு 2001, 2011 என்று இரண்டு ராட்சதப் பட்டைகள். மற்ற எண்களை லட்சத்தில் கொடுத்திருந்தால் சென்னையின் 43.4, 46.5 எல்லாம் அதன் காலடியில் கோடுபோலப் படுத்துக்கிடக்கும். மருந்து இரண்டு: மூலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது ஆண்டுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அதை எழுத்தாக்குங்கள். இரண்டையும் செய்தாலும் கெடுதல் இல்லை.

'மொத்தம்' என்ற கடைசி வரிசையைத் தேர்வில் சேர்க்கவே கூடாது. மாநிலத்தின் 721 லட்சம் படத்துக்குள் வந்துவிட்டால், நீலகிரியின் 7.4 லட்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த எண்களும் தொல்லைதான். பார்வைக்கு எண், உள்ளே எழுத்து. அந்தக் கட்டங்களில் எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணம் தெரியும், படத்தில் அந்த மாவட்டத்துக்குப் பட்டையே இருக்காது. எங்காவது ஒரு காலிக் கட்டத்தில் 1 என்று அடித்து, அதை நகலெடுத்து, பாழான கட்டங்களைத் தேர்ந்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக 'மல்டிப்ளை' கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்து ஒன்று ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதை ஒரு கட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்து, 'ரீப்ளேஸ்' பெட்டியில் ஒட்டி, மாற்றாக ஒன்றும் எழுதாமல் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எது எதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எக்செல் தானாகவே முடிவெடுக்கிறது. வரிசைகள் அதிகமா, பத்திகள் அதிகமா என்று எண்ணிப் பார்த்து, அதிகமுள்ள பக்கத்தைப் படத்தின் அச்சில், அதாவது பெயர்கள் வரும் ஓரக்கோட்டில், வைக்கிறது. குறைவாக உள்ளது பட்டையின் நிறமாகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் என்ன சொல்ல நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்நாட்டின் எழுத்தறிவை எடுத்துக்கொள்வோம். 2001-ல் ஆண்கள் 82.42 சதவீதம், பெண்கள் 64.43. 2011-ல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. நான்கே எண்கள், நான்கே பட்டைகள். ஒட்டி நிற்கும் பட்டைகளை ஒரு கட்டு என்போம். 2001 என்ற கட்டில் ஆணும் பெண்ணும், 2011 என்ற கட்டில் ஆணும் பெண்ணும் என்று வைத்தால், ஒவ்வொரு கட்டிலும் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. இன்னும் இவ்வளவு இடைவெளியா என்று படம் கேட்கிறது. அதே எண்களை 'ஆண்கள்' கட்டில் இரண்டு ஆண்டு, 'பெண்கள்' கட்டில் இரண்டு ஆண்டு என்று மாற்றினால், இரண்டு கட்டிலும் படி ஏறுகிறது. பெண்கள் பக்கத்தில் பெரிய ஏற்றம். ஒன்று குறை சொல்கிறது, இன்னொன்று பெருமை பேசுகிறது. இரண்டும் உண்மை. ஒட்டி நிற்கும் பட்டைகளைத்தான் கண் ஒப்பிடும். தள்ளி நிற்பதை ஒப்பிட வாசகர் மெனக்கெட வேண்டும், பெரும்பாலும் மெனக்கெட மாட்டார்.

இந்த மாற்றத்துக்கு எக்செல்லில் ஒரே பொத்தான்: படத்தைச் சொடுக்கியதும் மேலே வரும் 'சார்ட் டிசைன்' தாவலில் 'ஸ்விட்ச் ரோ/காலம்'. கூகுள் ஷீட்ஸில் படத் தொகுப்பானின் 'செட்டப்' பகுதியில் இதே பெயரில் ஒரு டிக் பெட்டி. லிப்ரே ஆபீஸ் கால்க் இதில் இன்னும் வெளிப்படையானது. 'டேட்டா ரேஞ்ச்' திரையில் தொடர்கள், அதாவது ஒரே நிறப் பட்டைகளாகும் எண்கள், வரிசையில் இருக்கின்றனவா, பத்தியில் இருக்கின்றனவா, முதல் வரிசை தலைப்பா, முதல் பத்தி தலைப்பா என்று தனித்தனியாகக் கேட்டு, உங்கள் பதிலின்படி நடக்கும். மேலே சொன்ன ஆண்டுக் கண்ணியும் அங்கே தப்பிவிடும். தலைப்பு எழுதிவிட்டு, அந்தத் தலைப்பு சொல்வது ஒட்டிய பட்டைகளில் தெரிகிறதா என்று பார்த்துப் பொத்தானை அழுத்துவதா விடுவதா என்று முடிவெடுங்கள். 'ஆண் பெண் இடைவெளி 18 புள்ளியிலிருந்து 13 புள்ளியாகச் சுருங்கியது' என்று தலைப்புப் போட்டுவிட்டு, இரண்டு ஆண் பட்டைகளை ஒட்டி நிறுத்துவது பொருந்தாது. அந்தச் செய்திக்கு இடைவெளியையே, அதாவது 17.99-ஐயும் 13.33-ஐயும், இரண்டு பட்டையாகப் போட்டுவிடுவது இன்னும் மேல். பெண்களின் எழுத்தறிவு 9 சதவீதம் உயர்ந்தது என்றும் எழுதக் கூடாது. உயர்ந்தது 9 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் அது 14.

அடுத்து, நின்ற பட்டையா, படுத்த பட்டையா? ஆங்கிலத்துக்கு எதுவோ, தமிழுக்குப் படுத்த பட்டைதான். திருவண்ணாமலை, கன்னியாகுமரி, கிருஷ்ணகிரி என்று நீளும் நம் ஊர்ப் பெயர்கள் நின்ற பட்டைக்கு அடியில் அடங்குவதில்லை. இடம் போதாவிட்டால் மென்பொருள் பெயர்களைச் சாய்த்துவிடும். அப்போதும் போதாவிட்டால் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும். மேலே ஒரு சுழி, கீழே ஒரு கொக்கி என்று இருக்கும் நம் எழுத்து சாய்ந்தால் படிக்க முடியாது. கழுத்தைச் சாய்த்துப் படிக்கிற பொறுமை எந்த வாசகருக்கும் இல்லை. எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும்: நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஏதாவது ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள் வேறு கணினியில் திறந்ததும் குப்பையாகிவிடும்.

படுத்த பட்டைக்கு எக்செல்லில் தரவைத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' தாவலில் 'கிளஸ்டர்டு பார்' எடுக்க வேண்டும். எடுத்ததும் எல்லாரும் திகைக்கும் ஒன்று நடக்கும்: பட்டியலில் முதலில் இருந்த சென்னை அடியில் போய்விடும், கடைசியில் இருந்த நீலகிரி உச்சியில் நிற்கும். பிழை இல்லை; அச்சு கீழிருந்து மேலாக எண்ணுகிறது. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் அதே கதைதான், 2001 கீழே, 2011 மேலே. தரவைத் தலைகீழாகத் திருப்பி அடிக்கத் தேவையில்லை. பெயர்கள் உள்ள அச்சைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தினால் வலப்பக்கம் திறக்கும் பலகையில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்யுங்கள். பெயர்களும் கட்டுக்குள் இருக்கும் ஆண்டுகளும் ஒருசேரத் திரும்பிவிடும். ஆனால் எண் அச்சு இப்போது உச்சிக்கு ஏறிவிட்டிருக்கும். அதே பலகையில் 'அட் மேக்சிமம் கேட்டகரி' என்பதையும் தேர்ந்தால் மறுபடி கீழே இறங்கும். இரண்டாவது டிக்கை மறந்து, எண் அச்சு தலைக்கு மேல் தொங்கும் படங்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. லிப்ரே ஆபீஸில் இதே வேலையை 'ஸ்கேல்' தாவலில் உள்ள 'ரிவர்ஸ் டைரக்‌ஷன்' செய்யும்.

அகர வரிசையில் அடுக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல்படி அடுக்கிய பட்டியலைத் தமிழாக்கினால் அரியலூரை அடுத்து சென்னையும், அதை அடுத்து கோவையும் வந்து நிற்கும். தமிழ் வாசகருக்கு அது எந்த வரிசையும் இல்லை. புதிய ஆண்டின் எண்படி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் தேடும் வேலையே மிச்சம்.

பட்டையின் தடிமனுக்கு வருவோம். பட்டையைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தினால் இரண்டு நழுவுபட்டிகள் தெரியும். 'சீரிஸ் ஓவர்லாப்' என்பது ஒரு கட்டுக்குள் இருக்கும் பட்டைகள் எவ்வளவு ஒட்ட வேண்டும் என்பது. கழித்தல் 100 முதல் 100 வரை போகும். 'கேப் விட்த்' என்பது கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடம். 0 முதல் 500 வரை. இந்த இரண்டாவது எண் மில்லிமீட்டர் அல்ல, ஒரு பட்டையின் தடிமனில் சதவீதம். இது புரிந்தால் கணக்குப் போட்டே அமைத்துவிடலாம். 32 மாவட்டங்களை 16 செ.மீ. உயரத்தில் அடக்க வேண்டும் என்றால் ஒரு கட்டுக்கு 5 மி.மீ. கிடைக்கும். இடைவெளி 50 என்று வைத்தால், இரண்டு பட்டையும் அரைப் பட்டை இடமும் சேர்ந்து 5 மி.மீ.; ஆக ஒரு பட்டை 2 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. அடைபட்டாலும் படிக்க முடியும். எக்செல் தானாகத் தரும் 182-ஐ அப்படியே விட்டால் பட்டை 1.3 மி.மீ. ஆகிவிடும், இடைவெளியோ 2.4 மி.மீ. பட்டையை விட வெற்றிடம் அகலம்! கட்டு எது, கட்டுக்கு வெளியே எது என்று பிரிந்து தெரிய இடைவெளி வேண்டும்தான். 40-லிருந்து 70-க்குள் எங்காவது நிறுத்துங்கள். ஓவர்லாப் 0 போதும். நின்ற பட்டைக்கு எக்செல் தானாகக் கழித்தல் 27 தருகிறது. அதனால் ஜோடிக்குள்ளேயே ஒரு விரிசல் விழுகிறது. ஜோடி ஜோடியாகத் தெரிய வேண்டுமானால் அதையும் 0 ஆக்குங்கள்.

இனி அச்சு எங்கே தொடங்குகிறது என்ற விவகாரம். இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், அதுவும் தெரியாமலே. தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 2001-ல் 987 பெண்கள், 2011-ல் 996. இந்த இரண்டையும் பட்டையாக்கினால் எக்செல் பூஜ்யத்தில் தொடங்காது. தரவில் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண்ணில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் போதும், அச்சைத் தானாகவே மேலே நறுக்கிவிடும். அச்சு 982-ல் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பட்டையின் நீளம் 5, இன்னொன்றின் நீளம் 14. ஒரு சதவீதம்கூட இல்லாத மாற்றம் மூன்று மடங்குபோலத் தெரியும். வேடிக்கை இதோடு நிற்கவில்லை. அதே பட்டியலில் ஹரியாணாவையும் (861, 879) கேரளத்தையும் (1058, 1084) சேர்த்துப் பாருங்கள். 861 என்பது 1084-ல் ஆறில் ஐந்து பங்குக்குக் கீழே; உடனே அச்சு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், தமிழ்நாட்டின் இரண்டு பட்டையும் சம உயரத்தில் நிற்கும். ஹரியாணாவை நீக்குங்கள், மறுபடி நறுக்கு விழும். தமிழ்நாட்டின் எண் மாறவே இல்லை. கூட யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் உருவம் மாறுகிறது.

எனவே பட்டைப் படம் என்றால் எண் அச்சைச் சொடுக்கி, 'மினிமம்' பெட்டியில் 0 என்று கையால் அடியுங்கள். ஏற்கெனவே அங்கே 0 தெரிந்தாலும் அடியுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருந்தது 'ரீசெட்' என்று மாறினால் எண் பூட்டப்பட்டுவிட்டது. நாளை ஒரு வரிசையை நீக்கினாலும் நகராது. பட்டை தன் நீளத்தால் பேசுகிறது. அடியை வெட்டினால் அது பேசுவது பொய். ஆனால் பூஜ்யத்தில் தொடங்கினால் 987-ம் 996-ம் ஒன்றுபோல இருக்கின்றனவே என்றால், அந்தத் தரவுக்குப் பட்டை ஏற்றதல்ல என்று பொருள். ஆயிரத்துக்கு எத்தனை குறைகிறது என்று மாற்றிப் போடலாம்: 13 பேர் குறைவு, பிறகு 4 பேர் குறைவு. கேரளம் ஆயிரத்தைத் தாண்டியது, அதன் பட்டைகள் எதிர்ப்பக்கம் நீளும். இப்போது பூஜ்யம் என்பது ஆண் பெண் சமநிலை. அச்சுக்கே ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது.

லட்சம், கோடிக்கு ஒரு சொல். எக்செல்லின் எண் அச்சுப் பலகையில் 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்' பட்டியலை இறக்கினால் ஆயிரம், மில்லியன் மட்டுமல்ல, 100000-ம் 10000000-ம் இருக்கின்றன. முதலாவது நம் லட்சம், இரண்டாவது கோடி. தேர்ந்ததும் அச்சுக்குப் பக்கத்தில் தானாக வரும் குறிப்பைச் சொடுக்கி 'லட்சம்' என்று மாற்றிக்கொள்ளலாம். 'மில்லியன்' என்று அச்சிட்டுத் தமிழ் வாசகரை மனக்கணக்குப் போட வைப்பதைவிட இது ஒரு நிமிட வேலை. காற்புள்ளி 4,646,732 என்று விழுந்தால் விண்டோஸின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள், 46,46,732 ஆகிவிடும். பட்டை நுனியில் எண் போடுவதானால் ஒரு தசம இடம் போதும். போட்டபின் பின்னணிக் கோடுகளை அழித்துவிடுங்கள், இரண்டும் எதற்கு?

நிறத்தில் நாளிதழ் அச்சுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கருப்பு வெள்ளைப் பக்கத்தில் 40 சதவீதச் சாம்பலும் 60 சதவீதச் சாம்பலும் திரையில் நன்றாகப் பிரிந்து தெரியும். செய்தித்தாளில் மை பரவியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய ஆண்டுக்கு 25, புதிய ஆண்டுக்கு 80 என்று தள்ளி வையுங்கள். வண்ணப் பக்கத்தில் ஒரே நிறத்தின் வெளிர், அடர் வகைகளே போதும். ஆண்டு நகர்வதை அதுவே சொல்லிவிடும். சிவப்பும் பச்சையும் ஜோடி சேரக் கூடாது, அவற்றைப் பிரித்தறியாத கண்கள் நிறைய உண்டு. முப்பரிமாணப் பட்டை அறவே வேண்டாம்: பட்டை முன்னால் நிற்க, அளவுக்கோடுகள் பின்சுவரில் ஒட்டியிருப்பதால், 40 என்பது 40-ம் கோட்டைத் தொடாமல் கீழே நிற்கும்.

ஒரே படத்தில் மக்கள்தொகையையும் எழுத்தறிவையும் ஒட்டி நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று லட்சம், இன்னொன்று சதவீதம். ஆகவே இரண்டாம் அச்சு. எக்செல்லில் இரண்டாம் அச்சுக்கு மாற்றியதும் அந்தப் பட்டைகள் பக்கத்தில் நிற்காமல் முதல் பட்டைகளின் மேலேயே ஏறி மறைத்துக்கொள்ளும். தீர்வு என்று சொல்லப்படுவது, ஒவ்வோர் அச்சிலும் ஒரு வெற்றுத் தொடரைச் சேர்த்து இடம் பிடிப்பது: முதல் அச்சில் எண், வெற்று, இரண்டாம் அச்சில் வெற்று, எண். லிப்ரே ஆபீஸில் இந்தச் சர்க்கஸ் தேவையில்லை. தொடரின் 'ஆப்ஷன்ஸ்' தாவலில் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டு என்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. இருந்தாலும் செய்யாதீர்கள். இரண்டு அளவுகோலில் வரைந்த இரண்டு பட்டைகளின் உயரத்தை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அளவுகோலை இழுத்து எது பெரியது என்று வேண்டியபடி காட்டிவிடலாம். ஊர்ப் பெயர்கள் நடுவில், இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம் என்று பிரித்துவிட்டால் வம்பில்லை.

வயது வாரியான ஆண் பெண் கூம்புப் படம் இதன் நெருங்கிய உறவு. ஆண்களின் எண்களைக் கழித்தல் 1-ஆல் பெருக்கி, ஓவர்லாப் 100, இடைவெளி 10 கொடுத்தால் இறக்கை விரித்ததுபோல வரும். வயதுப் பெயர்கள் நடுவில் பட்டைகளின் மேல் விழுவதைத் தவிர்க்க, பெயர் அச்சின் 'லேபிள் பொசிஷன்' என்பதை 'லோ' ஆக்க வேண்டும். இடப்பக்க எண்களில் கழித்தல் குறி தெரியாமலிருக்க எண் வடிவத்தை 0;0 என்று அடிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே எல்லையைக் கையால் அடிக்காவிட்டால் ஓர் இறக்கை ஊனமாகும். மக்கள்தொகையின் மொத்த வடிவத்தைக் காட்ட இது அருமை. ஒரே வயதில் ஆண் அதிகமா, பெண் அதிகமா என்று பார்க்க இது உதவாது. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பட்டைகளின் சிறு வித்தியாசம் கண்ணில் படாது. அதற்குப் பழைய இரட்டைப் பட்டையே. 1786-ல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் அச்சிட்ட முதல் பட்டைப் படமே அப்படித்தான்: 17 நாடுகளோடு ஸ்காட்லாந்து செய்த ஏற்றுமதியும் இறக்குமதியும், ஜோடி ஜோடியாகப் படுத்த பட்டைகளில்.

கடைசியாக, 2001, 2011, 2027 என்று மூன்று பட்டைகளை ஒட்டி நிறுத்தும்போது கவனிக்க வேண்டியது. முதல் இடைவெளி பத்து ஆண்டு, இரண்டாவது பதினாறு. பட்டைப் படத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. சம இடைவெளியில் நிறுத்திவிடும். வளர்ச்சி வேகம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால் ஆண்டுச் சராசரியாக்குங்கள். புதிய எண்ணைப் பழையதால் வகுத்து, பதினாறாம் மூலம் கண்டு, 1-ஐக் கழிக்க வேண்டும். விரிதாளில் அடுக்குக் குறியோடு அடைப்புக்குள் 1/16 என்று போட்டால் வந்துவிடும். தமிழ்நாடு 6,24,05,679-லிருந்து 7,21,47,030 ஆனது பத்தாண்டில் 15.6 சதவீதம், ஆண்டுக்கு 1.46. புதிய கணக்கை இந்த 1.46-க்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், 15.6-க்குப் பக்கத்தில் அல்ல.

படத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரிக்கு மட்டும் பக்க வடிவமைப்பாளர் இடம் விட்டால் நலம்: எண்கள் தற்காலிகமானவையா இறுதியானவையா, எந்த ஆண்டின் மாவட்ட எல்லைப்படி என்று. 2011-ல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு முதலில் 80.33 என்று வெளிவந்து, இறுதியில் 80.09 ஆனது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள் சிலர்,
தஞ்சாவூர்.